வலி கைமாறும் கிட்டங்கி

சிப்பியளம் என்கிற உப்பளத்து ஊரில் ஒருவர் வலியை இன்னொருவர் வாங்கிக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருஷம் முடிந்து, தண்ணீர் லாரி வருவதும் கரண்டு போவதும் போல அது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போய், யாரும் அதைப் பற்றித் தனியாகப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்ட ஒரு பங்குனி மாதத்தில்தான், இருபது கிலோமீட்டர் தள்ளி டவுன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த பாக்கியசீலிக்கு அந்தச் சேதி வந்து சேர்ந்தது. அதுவும் யாரும் சொல்லி வரவில்லை. அவள் தங்கை ராசகனி ஒரு டப்பா நிறைய முறுக்குப் பிழிந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்ததால் வந்தது.

ராசகனிக்கு முடக்குவாதம். பதினொரு வருஷமாக விரல் கணுக்கள் புடைத்து, மணிக்கட்டு வீங்கி, காலையில் எழுந்தால் பல்பசை மூடியைத் திறக்க ஒருத்தர் வேண்டும். அவள் புருஷன் உப்பு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வெளியூர். அப்படிப்பட்டவள் முறுக்கு உரலைத் திருகிப் பிழிந்தாள் என்றால் பாக்கியசீலி நம்ப வேண்டுமே.

"யாரு பிழிஞ்சது?"

"நாந்தான்க்கா."

பாக்கியசீலி தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் இருந்த இடத்தில்தான் இருந்தது. கோணல் விரல் கோணியபடிதான் இருந்தது. கணுவை அழுத்தினாள். ராசகனி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"வலிக்கலையா?"

"இந்த வாரம் வலி எங்கிட்ட இல்லக்கா. சுடலைமுத்து அண்ணாச்சி வச்சிருக்காவ" என்றாள் ராசகனி, பக்கத்து வீட்டுக்கு அரிவாள்மனையை இரவல் கொடுத்தவள் மாதிரி.

முப்பது வருஷ உத்தியோகத்தில் பாக்கியசீலி பார்க்காத பித்தலாட்டம் இல்லை. வயிற்றிலிருந்து கல்லை உறிஞ்சி எடுப்பவனைப் பார்த்திருக்கிறாள். உறிஞ்சுவதற்கு முன்னால் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் இருந்த கல்லை எடுத்து அவன் கையிலேயே கொடுத்திருக்கிறாள். மூட்டுவலிக்கென்று சாம்பல் நிறப் பொடி கொடுக்கிற வைத்தியர்களைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருப்பார்கள், தின்றவர்கள் ஒரு மாதம் துள்ளிக் குதிப்பார்கள், பிறகு முகம் பூசணிக்காய் மாதிரி ஊதி, சர்க்கரை ஏறி, அவள் வார்டுக்கே வந்து படுப்பார்கள். ஆகவே தங்கையை இழுத்துப்போய் ரத்தம் எடுத்தாள், பிரஷர் பார்த்தாள், முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"எந்தக் கோயிலுக்குட்டி போற நீ?"

"கிட்டங்கிச் சபைக்கு."

அடுத்த வாரமே ஏழு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பாக்கியசீலி சிப்பியளத்துக்குப் புறப்பட்டாள்.

அவள் ஞானஸ்நானம் வாங்கியது, திடப்படுத்தல் வாங்கியது, கலியாணம் முடித்தது, ஒரே வருஷத்தில் புருஷனை அடக்கம் பண்ணியது எல்லாம் டவுனில் இருக்கிற பெரிய கல்கோயிலில். அங்கே மணி அடிக்கும், பாடகர் குழு வெள்ளை அங்கி போடும், யாருக்கு எந்த பெஞ்சு என்று மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் தெரியும். இங்கே ஊர்க்கோடியில், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், உப்பு மூட்டை அடுக்குவதற்குக் கட்டின, தகரக் கூரை போட்ட ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. போர்டு கிடையாது. சிலுவை கிடையாது. வாசலில் ஒரு பெண் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சாக்கு விரித்து வட்டமாக அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஆட்களும் இருந்தார்கள், முக்காடு போட்ட ரகுமத் பீவி என்கிற பெண்ணும் இருந்தாள். ஒரு மூலையில் பெரிய அலுமினியக் குண்டானில் கஞ்சி கொதித்தது.

அவர்களுக்குத் தலைவர் என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற ஆள் தனிஸ்லாஸ். அளத்து மோட்டார் ரூமில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பத்தைந்து வயது, கட்டம்போட்ட சாரமும் காலர் கிழிந்த சட்டையும். பாக்கியசீலி நேராக அவரிடம் போனாள்.

"நீங்க எந்தச் சபை? எந்த டயோசீஸ்?"

"ஒண்ணும் இல்லக்கா. புயலுக்கு ஒதுங்கினோம், அப்படியே இருந்துட்டோம்."

"படிச்சு பட்டம் வாங்கின பாஸ்டரா நீங்க?"

"எட்டாங்கிளாஸ்" என்றார் அவர். எழுந்து நிற்கும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"காலுக்கு என்ன?"

"எங்கால் இல்லக்கா. தபால்காரர் சம்சாரத்தோட கால்."

அவள் அதையும் நம்பவில்லை.

ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான், ஒரே மாதிரி அலுப்போடு சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதத்துப் புயலில் குடிசைகள் எல்லாம் பிய்த்துக்கொண்டு போன அன்று நாற்பது பேர் இந்தக் கிட்டங்கியில் ஒதுங்கினார்கள், அதில் செபஸ்தியம்மாள் என்கிற நிறைமாதக்காரிக்கு இடுப்புவலி கண்டது, ரோடு முறிந்து கிடந்தது, வண்டி வராது, சனங்கள் ஜெபம் பண்ணினார்கள், வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்கள். அவள் கத்தலைக் கேட்கப் பொறுக்காமல் மூட்டை தூக்குகிற சுடலைமுத்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "குடு தாயி, நான் வாங்கிக்கிடுதேன்" என்றான். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு வலி நிஜமாகவே அவனுக்குப் போய்விட்டது. சுடலைமுத்து உப்பு மூட்டைமேல் விழுந்து ஏழு மணி நேரம் புரண்டான். செபஸ்தியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு கடுங்காப்பி கிடைக்குமா என்று கேட்டாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றே முக்கால் கிலோ.

அதன் பிறகு ஊர் அதற்கென்று ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும், பாரம் உள்ளவர்கள் கையை நீட்டுவார்கள், எடுக்க மனசுள்ளவர்கள் அந்தக் கையைப் பிடித்து வாய்திறந்து சொல்வார்கள், அடுத்த ஞாயிறு வரைக்கும் கொடுத்தவர் உடம்பில் எழுகிற வலி மட்டும் எடுத்தவரிடம் இருக்கும். நோயும் வீக்கமும் உரியவரிடமே இருக்கும். அளத்துக் கங்காணி காலையில் ஆட்களை எண்ணும்போதே, இன்றைக்கு யாரிடம் யாருடைய வலி என்று கேட்டு, அதற்குத் தக்கபடி ஒருத்தரை உப்பு வாரவும் ஒருத்தரைச் சும்மா லாரிக்குக் கொடி காட்டவும் விட்டான். பல் டாக்டர் முதலில் "உங்க பல்லா, அடுத்தவங்க பல்லா" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொன்னார். கபடிக் குழுவில் அடுத்தவர் வலியோடு ஆடக்கூடாது என்று சட்டம் வந்தது. பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள், ஒருத்தி தலைவலியை மற்றவள் ஒரு வாரம் வைத்திருந்த பிறகு, பேசவும் ஆரம்பித்தார்கள், முன்பைவிட அதிகமாகச் சண்டையும் போட்டார்கள். குடித்துவிட்டு மறுநாள் மண்டையிடியைக் கொடுக்க வந்தவனை வாசலிலேயே பெண்கள் விளக்குமாற்றால் விரட்டினார்கள். சிறுநீரகக் கல்லோடு வந்த ஒரு கட்சிப் பிரமுகர் வலியை வாங்கிக்கொள்ளத் தன்னோடு இரண்டு அடியாட்களைக் கூட்டி வந்தார். அவர்கள் வாங்கிக்கிடுதோம், வாங்கிக்கிடுதோம் என்று எத்தனை தடவை சொல்லியும் அது அவரை விட்டு நகரவில்லை. ஏவி வந்த சொல்லுக்கு வலி அசையாது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

பாக்கியசீலி எல்லாவற்றையும் கேட்டாள். தலையாட்டவில்லை.

முதல் வேலையாக ராசகனியைக் கஞ்சி குடிக்க விடாமல் தடுத்தாள். அந்தக் கஞ்சியைத் தானே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நாக்கு உலர்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று சாயங்காலம் வரை நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல், வேறொன்றும் இல்லை. ராசகனியோ கஞ்சி குடிக்காமலே சுடலைமுத்துவின் கையைப் பிடித்தாள், அவன் "சரி தாயி" என்றான், அவன் விரல்கள் நண்டுக் கால் மாதிரி மடங்கின, அவள் எழுந்துபோய்க் குண்டானை ஒற்றை ஆளாகத் தேய்த்துக் கழுவினாள்.

மருந்து இல்லையென்றால் மயக்குவித்தை. அதுவும் இல்லையென்றால்? பாக்கியசீலியின் சந்தேகம் ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டும். யார் கொடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தாள். உலகத்தில் எங்கேயும் சுமை மேலே இருக்கிறவனிடமிருந்து கீழே இருக்கிறவனுக்குத்தானே இறங்கும். ராசகனியின் வலியைச் சுடலைமுத்து பதினாறு வாரமாக வைத்திருக்கிறான் என்று தெரிந்தபோது, பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை மத்தியானம் அவன் இருக்கிற இடத்துக்கே போனாள். அவன் அளத்து வரப்பில் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டாலும் தூக்குச்சட்டியை அணைத்துப் பிடித்துச் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"உம்மை யாரு இதை எடுக்கச் சொல்லுதா? அந்தத் தனிஸ்லாஸா?"

"யாரும் சொல்லலக்கா."

"பின்ன பதினாறு வாரம் ஏன்? வேற ஆளே இல்லையா ஊர்ல?"

சுடலைமுத்து சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க வீட்டுக்காரி ஆறு மாசம் வயித்துவலியில கத்திக் கத்திச் செத்தாக்கா. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். தண்ணி குடுத்தேன், விசிறினேன். வேற என்ன செய்ய? அன்னைக்கு இப்படி ஒரு எடம் இல்ல."

அவள் வரப்பிலிருந்து இறங்கி நடந்தாள். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம், ஒருவனுடைய துக்கத்தை இந்தச் சபை நன்றாகத்தான் பயன்படுத்திக்கொள்கிறது என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டே வந்தாள். அந்த முனகலோடு தனிஸ்லாஸைத் தேடிப் பிடித்தாள். அவர் யாருடைய வீட்டுக்கோ ஓலை மாற்றிக்கொண்டு ஏணியில் நின்றிருந்தார்.

"கீழ எறங்கும். ஒண்ணு கேக்கணும். வலின்னா என்னன்னு நினைச்சீரு? அது வீட்டுக்காவல் நாய். நாய் குலைக்குது, தூக்கம் கெடுதுன்னு அதைக் கொண்டுபோய் அடுத்த தெருவுல கட்டிப்போட்டா, கள்ளன் எந்த வீட்டுக்கு வருவான்?"

தனிஸ்லாஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். பிறகு, "நீங்க சொல்லுதது சரிதான்க்கா. நாங்க அதை யோசிக்கல" என்றார்.

கள்ளச் சாமியார்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். இந்த ஆளிடம் பதில் இல்லாதது பாக்கியசீலியை இன்னும் உறுத்தியது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தனிஸ்லாஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு ராசகனி வீட்டுக்குள் ஓடி வந்தார். "அக்கா, சுடலைமுத்துவுக்கு வயித்துவலி. சுருண்டு கெடக்கான். நீங்க ஒருக்க வந்து பாருங்க."

சுடலைமுத்து குடிசைத் தரையில் வலது காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தான். ராத்திரி தொப்புளைச் சுற்றி வலித்ததாம், விடியும்போது வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டதாம். பாக்கியசீலிக்கு மேற்கொண்டு கேட்க வேண்டியிருக்கவில்லை. குடல்வால். நூறு பேரைப் பார்த்தாயிற்று. மண்டியிட்டு அவன் அடிவயிற்றில் விரல்களை வைத்து அழுத்தினாள். அழுத்தும்போது கத்தப்போகிறான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். அவன் முனகல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டென்று கையை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் அதே முனகல். வயிறு பச்சைப்பிள்ளை வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. நெற்றியைத் தொட்டாள், சூடு இல்லை. நாக்கைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. "காலையில சாப்பிட்டீரா?" "நாலு இட்லி தின்னேன்க்கா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டே.

வலி முழுசாக இருந்தது. நோய் துளிகூட இல்லை.

அப்போதுதான் பாக்கியசீலிக்கு, தங்கை நேற்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை என்பதும், காலையில் கை பட்டபோது உடம்பு சுட்டது என்பதும், "வெயில் சூடுக்கா" என்று அவள் சொன்னதைத் தான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. செருப்புப் போட மறந்து அவள் உப்பு ரோட்டில் ஓடினாள்.

ராசகனி வாசலில் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நெற்றி கொதித்தது.

"ஏட்டி, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"எனக்கு என்னக்கா? நல்லாத்தான இருக்கேன்?"

"அதாம்ட்டி பயமா இருக்கு."

ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் போனார்கள்; நடுவில் பாக்கியசீலி, ஒரு பக்கம் சிரித்துக்கொண்டு தங்கை, மறுபக்கம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலறிக்கொண்டு சுடலைமுத்து.

டவுன் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டியூட்டியில் இருந்த சர்ஜன் இளவயசுக்காரர், நல்ல மனுஷர், பாக்கியசீலியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கிறவர். அவர் ராசகனியைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாக்கியசீலியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், வயிறு சாஃப்ட்டா இருக்கு. வலியே இல்லைங்கிறாங்க. சாதாரணக் காய்ச்சலா இருக்கலாம். நாளைக்கு ஸ்கேன் பண்ற ஆள் வரட்டும்."

"நாளைக்கு வெடிச்சுரும் டாக்டர்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

எதை வைத்துச் சொல்வது. முப்பது வருஷமாக அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வையை இப்போது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதே இடுங்கிய கண், அதே மரியாதையான குரல். பாக்கியசீலிக்கு முகம் சுட்டது. இருந்தாலும் சொன்னாள்.

"வலி வெளிய வராந்தாவுல உக்காந்திருக்கு டாக்டர். நீங்க இன்னொரு தடவை அமுக்குங்க. கதவு தொறந்திருக்கட்டும்."

டாக்டர் அவளையே பார்த்தார். லீவில் போன நர்ஸ் வெயிலில் அலைந்து புத்தி கலங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். ஆனாலும் அவளுக்காக ஒரு தடவை என்று ராசகனியின் வலது அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினார். ராசகனி கூச்சத்தில் சிரித்தாள். வெளியே வராந்தாவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சுடலைமுத்து "யாத்தே" என்று கத்தினான்.

டாக்டர் கையை எடுத்தார். அலறல் இன்னும் உச்சத்துக்குப் போனது.

அவர் இடது பக்கம் அழுத்தினார். வராந்தாவில் சத்தம் இல்லை. மறுபடியும் வலது பக்கம், ஒரு விரலால், மெல்ல. மெல்லிய முனகல் ஒன்று கதவு வழியாக வந்தது. டாக்டர் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். சுடலைமுத்து இருந்த இடத்திலிருந்து கட்டில் தெரியாது. திரும்பி வந்து கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே, "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

ராசகனியின் முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட்ட ஐந்தாவது நிமிஷம் வெளியே சுடலைமுத்து காலை நீட்டி, பெஞ்சிலேயே குறட்டை விட்டுத் தூங்கிப்போனான். குடல்வால் பழுத்த நாவல்பழம் மாதிரி கறுத்து, வெடிக்கக் காத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் தட்டில் போட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் வலி என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் 'உண்டு' என்று எழுதினார். யாருக்கு என்று எழுதவில்லை.

சனிக்கிழமை ராசகனி வீடு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் பாட்டுப் பாடவில்லை. ஊரே குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. தனிஸ்லாஸ் எழுந்து நின்று, "நாம ஒரு உசுரைக் கொன்னுருப்போம். அக்கா சொன்னாவ, சரிதான்னு சொல்லிட்டுத் திரும்ப ஏணியில ஏறிட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். இனிமேல் இந்தப் பழக்கமே வேண்டாம் என்றார்கள் சிலர். பாக்கியசீலி அதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தாள், கதவை இழுத்துப் பூட்டச் சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் அவள் கண் எதிரே, நான்கு நாளாக அறுத்துத் தைத்த வலியையும் முடக்குவாதத்தையும் சேர்த்துச் சுமந்து கன்னம் ஒட்டிப்போன சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான், அவனுக்கு எதிரே ராசகனி தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு" என்றாள் பாக்கியசீலி. "அதை எங்கிட்டக் குடும் அண்ணாச்சி. நான் எடுத்துக்கிடுதேன்."

சொல்லும்போதுகூட, ஒன்றும் நடக்காது, நடக்காததை எல்லோரும் பார்க்கட்டும் என்று அவள் மனசில் ஒரு ஓரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சுடலைமுத்துவின் கரடுதட்டிய கை அவள் கையைத் தொட்டது. வயிற்றில் யாரோ கத்தியை வைத்தார்கள். விரல் கணுக்களுக்குள் கண்ணாடித் தூளைக் கொட்டி யாரோ மூடினார்கள். அவள் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள், ரகுமத் பீவி ஓடி வந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை லீவு முடிந்து வேலைக்குப் போனாள். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்க முடியவில்லை, கூட இருந்த சின்ன நர்ஸ் உடைத்துக் கொடுத்தாள். அப்போதும் அவள் சந்தேகம் அடங்கவில்லை; தனக்கே முடக்குவாதம் வந்துவிட்டதோ என்று தன் ரத்தத்தை எடுத்துத் தானே லேபுக்குக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல் கண்ணாடி முன்னால் முக்கால் மணி நேரம் நின்றாள். நாலாவது கொக்கியில் கை விட்டுப்போனது. தங்கைக்கு இந்த நோய் வந்த புதிதில், அவள் வீட்டில் போய் இருந்த ஒரு நாள், சேலை பிழிய முடியவில்லை என்று ராசகனி அழுதபோது, 'ஆஸ்பத்திரியில கால் போனவனே சும்மா கெடக்கான், நீ என்னட்டி நடிக்க' என்று கேட்டது ஞாபகம் வந்தது. அப்படிக் கேட்டதை ராசகனி ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. பாக்கியசீலி பாதிக் கொக்கி மாட்டிய ஜாக்கெட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த வாரத்துக்குள் கிட்டங்கியில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். வலியைக் கொடுத்தவரும் எடுத்தவரும் காலையிலும் சாயங்காலமும் எதிரெதிரே உட்கார்ந்து, எங்கே, எப்படி, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பேசிக்கொள்ள வேண்டும். பேசாதவர்களுக்குக் கொடுக்கவும் உரிமை இல்லை, எடுக்கவும் உரிமை இல்லை. ஊரில் பல வருஷமாக முகம் பார்த்துப் பேசாத ஆட்களெல்லாம் இதனால் தினம் இரண்டு வேளை பேச வேண்டி வந்தது. ராசகனியும் காலையில் ஆறரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் அக்காளுக்குப் போன் போட்டாள். புதன்கிழமைக்குள் அவர்கள் வலியைப் பற்றிப் பேசி முடித்து, வேறு விஷயங்களுக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பாக்கியசீலி கிட்டங்கிக்கு வந்தபோது, ராசகனி முன்னாலேயே வந்து காத்திருந்தாள். அக்காளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுக்கா."

பாக்கியசீலி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னத்தை?"

"என் வலியை."

"எதுக்குட்டி அவசரம்? இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும். எனக்குப் பழகிட்டு."

"பொய் சொல்லாத. மூஞ்சியைப் பாரு, காஞ்ச கருவாடு மாதிரி இருக்கு. குடுக்கா, எனக்கு அது இல்லாம இருக்கப் பயமா இருக்கு. அன்னைக்கு மீன் கழுவிக்கிட்டே செத்திருப்பேன்."

"அதுக்குத்தான் தினம் ரெண்டு வேளை பேசுதோம்லா?"

"நீ என்கிட்ட ஒளிக்கிறியே! நேத்து சாயங்காலம் எப்படி இருக்குன்னு கேட்டேன், பரவாயில்லைன்னே. அது பரவாயில்லன்னு சொல்லுத வலியாக்கா? பதினொரு வருசமா வச்சிருந்தவ கிட்டயே சொல்லுத?"

கிட்டங்கியில் ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தவர்களெல்லாம் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். வலியைக் கொடுக்கத் தயங்கினவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள், எடுக்கப் பயந்தவர்களைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு எனக்கு என்று அதற்கு அடித்துக்கொள்கிற இரண்டு பேரை இப்போதுதான் பார்க்கிறார்கள். செபஸ்தியம்மாளின் இரண்டு வயது மகள் சிரித்தது. தனிஸ்லாஸ் பக்கத்தில் வந்து, "ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிடுங்களேன்" என்றார், சண்டையை நிறுத்துவதற்காகச் சும்மா.

"அப்படி முடியுமா?" என்றாள் பாக்கியசீலி உடனே, கண்ணை இடுக்கிக்கொண்டு. "இதுக்கு முன்னால யாராவது செஞ்சிருக்காங்களா?"

"தெரியலக்கா. யாரும் கேக்கல."

பாக்கியசீலி யோசித்தாள். பிறகு இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இறுக்கி வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். "ஊசி போடுதவளுக்கு வலது கை வேணும்ல்லா. வலதோட வலியை நீ வச்சுக்கோ. இடதும் தையலும் எனக்கு. சரியா?"

"தையல் எனக்கு."

"தையல் எனக்குட்டி. நான் நர்ஸு."

ராசகனி வலது கையை நீட்டி, "சரிக்கா, வலதை நான் வாங்கிக்கிடுதேன்" என்று அக்காளின் வலது கையைப் பிடித்தாள். முதலில் ராசகனியின் உதடு சுளித்தது, பழைய வலி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அதே நேரம் பாக்கியசீலியின் வலது விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இடது கை அப்படியே நண்டாக மடங்கிக் கிடந்தது. பாக்கியசீலி நிமிர்ந்த விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள், தங்கையின் வலது கணுவை அழுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள், இடது கணுவை அழுத்தி மறுபடியும் முகத்தைப் பார்த்தாள், அது போதாமல் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு அவனையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.

ஆராதனை முடிந்து கஞ்சி ஊற்றினார்கள். சுடலைமுத்து யார் வலியும் இல்லாமல் தன் பத்து விரலாலும் டம்ளரைப் பிடித்து, மூன்று தடவை வாங்கிக் குடித்தான். பன்னிரண்டரை பஸ்ஸுக்கு அக்காளும் தங்கையும் உப்பு ரோட்டில் நடந்தார்கள். பாக்கியசீலியிடம் ஒரு நல்ல வலது கை இருந்தது, ராசகனியிடம் ஒரு நல்ல இடது கை இருந்தது. தண்ணீர் பாட்டிலை ஒருத்தி பிடித்துக்கொள்ள மற்றவள் மூடியைத் திருகினாள். இருவருக்கும் நடுவில் பை ஆளுக்கு ஒரு காதாகத் தொங்கி ஆடிக்கொண்டு போனது.